மூன்று மணிக் குளம்

போலகம்,
12.01.2025

அன்பு மருமகள் ஜெனிஷாவுக்கு, மேலக்குளத்துக் காவல் தளபதியும் உன் தாய்மாமனுமாகிய பிலோமின்ராஜ் எழுதுவது.

நீ ஏனாமுக்கு மாற்றலாகிப் போன அன்று காரைக்கால் பேருந்து நிலையத்தில் நான் விட்ட கண்ணீரில் இரண்டு பேருந்துகள் மிதந்தன என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கியிருந்தேன். பின்னால் நின்று படித்த உன் அத்தை ஜோஸ்பின், "அன்னைக்கு நீங்க பஸ் ஸ்டாண்டுக்கே வரலயே, சாப்புட்டுட்டுத் தூங்குனீங்க" என்றாள். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டேன். வீட்டிலேயே ஒரு தணிக்கை அதிகாரியை வைத்துக்கொண்டுதான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

நீ போட்டுவிட்டுப் போன கட்டளை மறக்கவில்லை. "ஃபோன்ல நீங்க சொல்றதை நம்ப முடியல மாமா. வாரம் ஒரு லெட்டர் போடுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுறப்ப மனுஷனுக்குக் கொஞ்சமாவது பயம் வரும்." எனக்குப் பயம் வரவில்லை. கைவலிதான் வந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், வரலாறு எழுதுகிறவன் ஆதியிலிருந்து எழுத வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒயர் கூடையும் நார்த்தங்காய் ஊறுகாயும் பொங்கல் கோலமுமாக இருந்தது நம் மகளிர் மன்றம். போன கார்த்திகை மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது மன்றம் மொத்தமும் அவரவர் வீட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றது. தலைவி கமலாம்பாள் ஒரு முழுப் பகல் நின்றார். கடைசியில் நாலு ஆண்கள் போய் அவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அவர் மன்றத்தைக் கூட்டி, "அடுத்த மழைக்கு என்னை எவனும் தூக்கக் கூடாது" என்றார். உடற்பயிற்சி ஆசிரியையான நீ, "அப்ப நீச்சல் கத்துக்கலாம் பெரியம்மா" என்றாய். இப்படித்தான், மனித குலம் தோன்றிய நாள்முதல் முதல்முறையாக, பதினொரு பெண்கள் முதுகில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு, வங்காள விரிகுடாவின் உடன்பிறந்த தங்கையாகிய மேலக்குளத்தில் இறங்கினார்கள்.

இனி வார அறிக்கை. நைட்டிக்குள் காற்றுப் புகுந்து உன் அம்மா பலூன்போல் கிளம்பி, திருமலைராயன்பட்டினம்வரை பறந்துபோய்த் திரும்பினார். நான் பார்க்கவில்லை. குளத்துக்கு முதுகைக் காட்டித்தான் பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டிருக்கிறேன். காதால் கேட்டதை வைத்து எழுதுகிறேன். இப்போது எல்லோரும் நைட்டிக்குக் கீழே சுடிதார் பேண்ட் போட்டு, இடுப்பில் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். ஆறு பேர் மிதக்கிறார்கள். கமலாம்பாள் மூன்றாம் படியைவிட்டு அசையவில்லை.

அவர் நிபந்தனையும் அசையவில்லை. "ஒரு ஆம்பள கண்ணு பட்டாலும் நான் கரையேறிருவேன். அப்புறம் எறங்க மாட்டேன்." தலைவி ஏறினால் மற்றப் பத்துப் பேரும் ஏறிவிடுவார்கள். ஆகவே மூன்று மணியிலிருந்து நாலரைவரை ஆண் வாடை அண்டாமல் காப்பது என் தலையில் விழுந்திருக்கிறது. தினம் எட்டு முரடர்களை ஒற்றை ஆளாகத் தடுக்கிறேன். அவர்களில் கொடியவன் கருப்பையன். லோடு ஆட்டோவைக் கழுவுகிறேன் என்று சரியாக மூன்று மணிக்கு வாளியோடு வந்து நிற்கிறான்.

வீரத்தோடு,
மாமா

ஏனாம்,
16.01.2025

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. எட்டு முரடர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். கருப்பையன் அண்ணன் ஒருத்தர்தான் என்கிறார். அடுத்த முறை எண்ணி எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை நீங்கள் வேடிக்கையாக எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கமலாம்பாள் பெரியம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்தபோது யாரோ ஃபோனில் படம் எடுத்து, பாட்டுச் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். சேலை நனைந்து, கால் தொங்க, முகத்தை மூடிக்கொண்டு அவர் வருகிற வீடியோ. உங்கள் ஃபோனுக்கும் வந்தது. என்னிடம் காட்டிச் சிரித்தீர்கள். நானும் அந்த நேரம் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். வீட்டைவிட்டு வருவது மன்றத்துக்கு மட்டும்தான். ஆண்கள் கண் படக் கூடாது என்று அவர் சொல்வது கூச்சத்தில் மட்டும் இல்லை. நான் அவருக்கு வாக்குக் கொடுத்துத்தான் தண்ணீருக்குக் கூட்டிவந்தேன்.

அவர் முதலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சுவிடப் பழக வேண்டும். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பங்குனியில் குளம் சேறாகிவிடும். அதற்குள் அவர் அக்கரை தொட வேண்டும். தொட்டுவிட்டால் அடுத்த மழைக்குப் பயம் இல்லை.

கருப்பையன் அண்ணனோடு சண்டை வேண்டாம். நல்லபடியாகச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வாய்க்கு அதெல்லாம் ஒரு வேலையா?

இங்கே எனக்கு அறை கிடைத்துவிட்டது. தெலுங்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகள் விசில் சத்தத்துக்கு ஓடுகிறார்கள், அது போதும்.

ஜெனிஷா

போலகம்,
26.01.2025

வெற்றிக் கொடி கட்டிய மாமனின் ஆசிகள்.

மருமகளே, குடியரசு தினமும் அதுவுமாக ஒரு நற்செய்தி. மேலக்குளத்தைச் சுற்றி ஒரு மைலுக்கு ஆண் வாசனை இல்லை. சேவல்கூட வருவதில்லை. சண்டை போட்டேனா? இல்லை. குரலை உயர்த்தினேனா? இல்லை. "உங்கள் வாய்க்கு அதெல்லாம் ஒரு வேலையா" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைத் தேவ வாக்காக எடுத்துக்கொண்டு ஒரு சிறு ராஜதந்திரம் செய்தேன். ஒரே ஒரு சொல். கருப்பையன் வாளியைக்கூட எடுக்காமல் போய்விட்டான். அந்த வாளி இப்போது நம் வீட்டில் இருக்கிறது. உன் அத்தை அதில் துணி ஊறவைக்கிறாள்.

அமைதி கிடைத்ததும் மன்றம் மலர்ந்துவிட்டது. உன் அம்மா கேன் இல்லாமல் பத்துக் கை போடுகிறார். கமலாம்பாள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குளமே கொதிப்பதுபோல் குமிழி விடுகிறாராம். வெள்ளிக்கிழமை மூன்றாம் படியைவிட்டு நகர்ந்துவிட்டார். நகர்ந்ததும் அவர் போட்ட சத்தம் மரத்தடியில் எனக்குக் கேட்டது. பயந்த சத்தமில்லை. முதல்முறை சைக்கிளில் பின்னால் பிடித்த கையை விட்டதும் பிள்ளைகள் போடுமே, அந்த மாதிரி. ஐம்பத்தேழு வயதில் ஒருவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இதில் மிகை எதுவும் இல்லை.

மாமா

பின்குறிப்பு: உன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் யாராவது இருந்தால் கேட்டு எழுது. முதலை என்பது சாதாரணமாக எத்தனை அடி வளரும்? சும்மா, பொது அறிவுக்காகத்தான்.

ஏனாம்,
31.01.2025

மாமா,

பின்குறிப்பைப் படித்த உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னார்.

முதலையா மாமா?

மன்றத்தில் ஒருத்தர்கூட இரண்டு நாளாகக் குளத்துப் பக்கம் போகவில்லையாம். இன்றே போய் ஊரில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.

ஜெனிஷா

போலகம்,
06.02.2025

அன்பு ஜெனிஷா,

சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை கருப்பையன் வந்தான். நீ சொன்னபடி நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன்.

"மூணுலேருந்து நாலரை பொம்பளைங்க நேரம்ப்பா. கொஞ்சம் முன்ன பின்ன வரக் கூடாதா?"

"ஏண்ணே, கொளம் என்ன ஒங்க வீட்டுக் கொல்லையா? பத்து வருசமா இங்கதான் வண்டி கழுவுறேன்."

"ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

"என்னா நல்லது?"

இந்தக் கேள்விக்கு என் நாக்கு என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "மழையில கொள்ளிடத்துலேருந்து ஒண்ணு அடிச்சுக்கிட்டு வந்து உள்ள கெடக்குப்பா. ஆறு அடி இருக்கும். வெளிய சொல்லாத."

அவன் முகம் வெளுத்தது. இருந்தாலும் புத்திசாலி. "அப்ப பொம்பளைங்க எப்படி எறங்குறாங்க?" என்றான்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். "பதினோரு கேனும் ஒண்ணோட ஒண்ணு முட்டுற சத்தத்துக்கு அது கிட்ட வராது. தனியா வர்ற ஆளத்தான் பாக்கும்" என்றேன். வாளி கீழே விழுந்தது. அவன் போய்விட்டான்.

வெளியே சொல்லாதே என்று சொல்லி அனுப்பியதுதான் வினை. மறுநாள் சஃபியுல்லாவின் டீக்கடையில் அது ஒன்பது அடி. அதற்கு மறுநாள் இரண்டு குட்டி போட்டது. முட்டைதானே இடும் என்று நான் சொல்லப்போய், "பாத்தீங்களா, அண்ணனுக்கு எல்லாம் தெரியுது" என்று அதுவும் சாட்சியாகிவிட்டது. வாலைப் பார்த்ததாக ஒருவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தைக் கேட்டபோது எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

இதெல்லாம் மன்றத்துக்குத் தெரியாமலே ஒன்பது நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளில்தான் கமலாம்பாள் படியைவிட்டு நகர்ந்ததும், கேனோடு நாலு கை போட்டதும். புதன்கிழமை ஒருத்தியின் வீட்டுக்காரர் அவளை வழிமறித்து முதலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் ஓடிவந்து கரையில் நின்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பனைமட்டை அசைந்து மிதந்து வந்தது. "மாதாவே!" என்று உன் அம்மா போட்ட கூச்சலில் பதினொரு பேரும் கரையேறிவிட்டார்கள். கமலாம்பாளுக்கு முழங்காலில் சிராய்ப்பு.

நான் ஓடிப்போய் அவர்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "தம்பி, நாங்க உள்ள எறங்கிக் கெடக்கையில, எங்களையும் வச்சா கதை கட்டுன?" என்றார். சரி, திட்டிவிட்டு நம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க பயப்படக் கூடாதுன்னு இப்பப் பொய் சொல்றாரு" என்றாள் ஒருத்தி.

டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். சஃபியுல்லா ஒரு டீயைப் போட்டுக் கையில் கொடுத்து, "நீங்க நல்ல மனசுல மறைக்கிறீங்கண்ணே. எங்களுக்குத் தெரியும்" என்றார். நாற்பது ஆண்டுகளாக நான் சொன்ன எதையும் இந்த ஊர் நம்பியதில்லை. நம்பிய ஒரே பொய் இதுதான், அதையும் திரும்ப வாங்க முடியவில்லை.

பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து படித்துறையில் மூங்கில் கட்டி முதலை எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டார்கள். மன்றம் மறுபடி ஒயர் கூடைக்குப் போய்விட்டது. கமலாம்பாள் கூடைக்கும் வரவில்லை.

மாமா

ஏனாம்,
12.02.2025

மாமா,

மூன்று நாளாக உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை.

அவர்களைத் தண்ணீருக்குக் கூட்டிவர நான் வீடு வீடாக நடந்தேன். என் வேலையைக் கெடுத்தீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. ஆண்களை வரவிடாமல் செய்ய உங்களிடம் எத்தனையோ வழி இருந்தது. "இது அவங்க நேரம், போப்பா" என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாம். மூன்றாம் முறையும் சொல்லியிருக்கலாம். பெண்கள் நேரம் என்பது ஒரு காரணமாகவே உங்களுக்குப் படவில்லை. முதலை இருந்தால்தான் காரணம்.

கமலாம்பாள் பெரியம்மாவிடம் ஃபோனில் பேசினேன். "சரிம்மா, பரவால்லம்மா" என்றார். உடனே ஃபோனை வைத்துவிட்டார்.

குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? இன்னும் ஒரு மாதம் நிற்குமா? நிற்கும் என்றால் ஒரு வழிதான் இருக்கிறது. முதலை இல்லை என்பதற்கு யாராவது தண்ணீரில் இறங்கித்தான் காட்ட வேண்டும். நீங்கள்தான் அரசலாற்றை எட்டு முறை நீந்திக் கடந்தவர் ஆயிற்றே. சின்ன வயதில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். குளத்தை ஒரு முறை கடந்து காட்டுங்கள்.

ஜெனிஷா

போலகம்,
19.02.2025

அன்பு ஜெனிஷா,

எனக்கு நீந்தத் தெரியாது.

அரசலாற்றை நான் பாலத்தின்மேல் கடந்திருக்கிறேன். எட்டு முறைக்கு மேலேயே இருக்கும். இதை உன் அத்தைக்குக்கூட இன்றுதான் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

இருந்தாலும் நீ சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீக்கடையில் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பஞ்சாயத்து மூங்கிலுக்கு அடியில் குனிந்து போய் இறங்கினேன். முப்பது பேர் பார்த்தார்கள். மார்பளவு தண்ணீரில் ஒரு கையால் படித்துறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். மீன் வந்து காலைக் கடித்தபோதும் சத்தம் போடவில்லை.

ஏறி வந்ததும் கருப்பையன், "கல்ல விட்டுட்டுல்ல காட்டணும், நடுக்கொளத்துலதான அது கெடக்கு" என்றான். சஃபியுல்லா, "ஊட்டு ஆளுங்க மாதிரி பழகிருச்சு போல, அண்ணன ஒண்ணும் பண்ணல" என்றார். வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, தடயம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சேற்றுக்குள் போயிருக்கும் என்கிறது ஊர். பலகையை எடுக்கச் சொல்லிப் போனேன். "ஊர்ல நாலு பேரு தைரியமா எறங்கட்டும், எடுத்துடுறோம்" என்கிறார்கள்.

நேற்று மன்றம் கூடியது. நான் கூடத்துக்கு வெளியே மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரமாக வராத கமலாம்பாள் வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"அண்ணே, ஒத்த வார்த்தையில சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

"இல்லைங்க" என்றேன்.

அதற்குப் பின்னால் ஏதாவது சேர்ப்பேன் என்று காத்திருந்தார். எனக்குச் சேர்க்க எதுவும் வரவில்லை.

"நீங்க இவ்வளவு சின்னதாப் பேசி நான் கேட்டதே இல்ல" என்றார். சிரிக்கவில்லை. உள்ளே போய், முதலை இல்லை என்று தான் நம்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதும் மற்றவர்களும் நம்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு, மார்ச் இரண்டாம் தேதி, மூன்று மணிக்கு ஊர் பார்க்க நடுக்குளத்துக்கு நீந்துவது என்று தீர்மானம் போட்டார்கள். உன் அம்மாதான் முன்மொழிந்தார்.

ஊர் பார்க்க என்றால் ஆண்களும்தான். கமலாம்பாள் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். தான் வருவதாகவோ வரவில்லை என்றோ சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

தண்ணீர் ஐந்து படி இறங்கிவிட்டது. நடுவில் இன்னும் இரண்டு ஆள் ஆழம் இருக்கிறது.

மாமா

ஏனாம்,
24.02.2025

அன்புள்ள மாமா,

கமலாம்பாள் பெரியம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டுக்குப் போய்க் கெஞ்சக் கூடாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆண்கள் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அதை நாமே உடைத்துவிட்டு, தைரியமாக வாங்க என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பத்துப் பேர் நீந்தினாலே பலகை போய்விடும். பலகை போன பிறகு அவர் பழையபடி மூன்று மணிக்கு வரட்டும். வராவிட்டாலும் அவர் இஷ்டம்.

அம்மா முதலில் போக வேண்டாம். வேகமாகப் போய் மூச்சு வாங்கித் தடுமாறுவார். நன்றாக மிதக்கிற இரண்டு பேர் முன்னால், அம்மா நடுவில். எல்லோரும் கேன் கட்டிக்கொள்ளட்டும். தைரியம் காட்டுகிறேன் என்று யாரும் கழற்ற வேண்டாம். அக்கரையில் கயிறோடு ஒருத்தர் நிற்க வேண்டும்.

உங்களுக்கு நீந்தத் தெரியாது என்று படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

விடுப்புக் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் மாமா. அம்மா அழுவார், ஃபோனில் ஒன்றும் புரியாது.

ஜெனிஷா

போலகம்,
03.03.2025

அன்பு ஜெனிஷா,

நடந்தபடி எழுதுகிறேன். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அங்கே இருந்தாள்.

நேற்று இரண்டரை மணிக்கே கரையில் கூட்டம். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். நான் இருநூறு என்று எழுதப்போனேன், அத்தை தடுத்தாள். ஆண்கள் பெரும்பாலும் எதிர்க்கரையில், சாலைப் பக்கம். பலருடைய கையிலும் ஃபோன். நான் கயிறோடு அக்கரையில் நிற்க வேண்டியவன். நீந்தத் தெரியாதவன் கையில் எதற்குக் கயிறு என்று உன் அம்மா அதைப் பிடுங்கி அத்தையிடம் கொடுத்துவிட்டார். நானும் அத்தையோடு அக்கரையிலேயே நின்றேன்.

மூன்று மணிக்குப் பத்துப் பேர் வந்தார்கள். மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் கமலாம்பாள் வந்தார். நைட்டி, சுடிதார் பேண்ட், இடுப்பில் துண்டு. அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் கோயில் வீதியில் குடையைத் தவிர வேறெதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை ஜெனிஷா. உன் அம்மாவைக் கேட்டுப் பார்.

கமலாம்பாள் முதுகில் கேனை வைத்து வீட்டுக்காரர் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். கரையில் யாரோ ஒருவன் சிரித்தான்.

கமலாம்பாள் முதல் படியில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் தண்ணீருக்கு மேலே வருவதால் எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"ஃபோன்லாம் எடுத்துக்கிட்டீங்களா? எடுங்க. போன தடவ என்னத் தூக்கிக்கிட்டுப் போனத எடுத்தீங்கள்ல. இதையும் எடுங்க. அதே மாதிரி எல்லாருக்கும் அனுப்புங்க."

சில கைகள் இறங்கின. சில இறங்கவில்லை. அவர் அதற்குக் காத்திருக்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

நீ சொல்லியிருந்தபடி இரண்டு பேர் முன்னால், உன் அம்மா நடுவில், கமலாம்பாள் கடைசி. பத்துப் பேரும் நடுக்குளம்வரை போய், கேன்கள் முட்டிக்கொள்ள, திரும்பினார்கள். அதுவே போதும், அதுதான் தீர்மானம். கமலாம்பாள் திரும்பவில்லை.

உன் அம்மா, "கமலாம்மா, போதும் வாங்க!" என்று கத்தினார். அவர் கேட்காதவர்போல் எங்கள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். நான்கு கை போடுவார், நின்று மிதப்பார், மூச்சு விடுவார், மறுபடி நான்கு கை. ஐந்து இடத்தில் நின்றார். மூன்றாம் இடத்தில் வாயில் தண்ணீர் போய் இருமினார். அத்தை கயிற்றை வீசினாள். அது அவருக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அவர் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். இன்று காலை நான் கயிறு பிடித்து அளந்தேன். படித்துறையிலிருந்து அந்தக் கரைக்கு நூற்றுப்பத்து அடி.

அவர் கரையேறிய இடம் ஆண்கள் நின்ற இடம். படி கிடையாது, சறுக்கு மண். இரண்டு பேர் தூக்கிவிடக் கை நீட்டினார்கள். "வேணாம்" என்றார். கோரைப் புல்லைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை ஊன்றி, இரண்டு முறை வழுக்கி, தானே ஏறினார். வழி விட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அத்தை துண்டைப் போர்த்தப் போனாள். "இருடி, மூச்சு வாங்கிக்கிறேன்" என்றார்.

அவர் ஏதாவது சொல்லுவார் என்று ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நானாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவர் நைட்டியின் நுனியைப் பிழிந்துகொண்டே சுற்றிப் பார்த்தார். கருப்பையன் கண்ணில் பட்டான்.

"ஏம்ப்பா கருப்பையா, வண்டி கழுவத் தண்ணி இல்லாம ஒரு மாசமா அலையிறியாமே?"

"ஆமாங்கம்மா."

"நாளைலேருந்து காலையில வந்து கழுவிக்க. மூணு மணிக்கு வராத. நாங்க இருப்போம்."

"சரிங்கம்மா" என்றான் கருப்பையன்.

இவ்வளவுதான் ஜெனிஷா.

மாமா